காசு கட்ட உரிமை கேட்டவள்

நான் தொலைபேசியால் காசு கட்டுகிற கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மச்சாள் இதை வாசித்துவிட்டு நாலு பேருக்கு முன்னால் என் மானத்தை வாங்குவாள். பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் லைற் பில், போன் றீலோட், தோழியின் பிறந்தநாள் கேக் என்று எல்லாவற்றையும் கட்டைவிரலாலேயே முடித்தவள் நான். படிப்பு முடிந்தது. நியமனம் வரும், வரும் என்று சொன்னார்கள். கிளிநொச்சியிலிருந்து உள்ளே, வாய்க்கால் கரையோடு இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தேன். சந்தியில் புதிதாக நின்ற தண்ணீர் இயந்திரத்தைக் கண்டு துள்ளிக் குதித்த முதல் ஆளும் நான்தான்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சவர். கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். அதில் தேநீர் போட்டால் மாடுகூடக் குடிக்காது என்பது மச்சாளின் கருத்து. அதனால் ஊர்ச் சங்கம் சந்தியில் ஒரு சின்னக் கட்டடத்தில் தண்ணீரை வடிகட்டி விற்கிறது. முன்பு அங்கே ஒரு பழைய பெட்டி இருந்தது. பத்து ரூபாக் குத்தியை அதன் வாயில் போட்டால் குழாய் திறக்கும், கொண்டுபோன பிளாஸ்ரிக் கான் நிரம்பும். நாணயத்தை நாங்கள் குத்தி என்போம், நோட்டைத் தாள் என்போம். அந்தப் பெட்டி பழுதாகிப்போக, கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் காலஞ்சென்ற தன் தகப்பனாரின் நினைவாகப் புதியதொன்றை வாங்கித் தந்திருந்தார். பளபளவென்று நின்றது. நெற்றியில் ஒரு கியூ.ஆர். சதுரம். தொலைபேசியைக் காட்டினால் தண்ணீர். குத்திக்கும் தாளுக்கும் வேலையில்லை.

"சிங்கப்பூர் ஆயிட்டுது எங்கட ஊர்" என்று குடும்பக் குழுவில் படம் போட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு விடியற்காலையில் ஓடுகிற பைத்தியமும் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் ஓட முடியாது. "என்ன பிள்ளை, பஸ்ஸை விட்டிட்டியோ?" என்பார்கள். "ஆரும் ஆஸ்பத்திரியிலயோ?" என்று பின்னாலேயே சைக்கிளில் வந்தவர்களும் உண்டு. அப்படி ஓடிய ஒரு காலையில்தான், இன்னும் வெளிக்காத இருட்டில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு கான்களோடு நிற்பதைக் கண்டேன். எதிர்ப்பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அக்கா.

அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அக்கா பிறந்தது மல்லாவியில், வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊரில். ஆனாலும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. நாங்கள் "ஓம்" என்கிற இடத்தில் அவர் "ஆமா" என்பார்.

"தங்கச்சி, போன் வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். காட்டினேன். கான்கள் நிரம்பின. அக்கா மூடியிருந்த கையைத் திறந்து குத்திகளை என் கையில் வைத்தார்.

"ஐயோ, விடுங்கோ அக்கா. இதுக்குப் போய்."

"விடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. நேத்து ஒருத்தரு அப்படித்தான் பெரிய மனசா விடுங்கன்னாரு. அப்புறம் கடைக்கு வந்து பிளேன்ரீ குடிச்சிட்டு, வாயைத் தொடைச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கு முந்தின ஆளு வடையும் சேத்து."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் கானைத் தூக்கும்போது சொன்னது சிரிப்பாக இல்லை.

"காசு கையில இருக்கு தங்கச்சி. இருந்தும் கடன் கேக்க வந்தவ மாதிரி நிக்கிறேன். இன்னிக்கு நீங்க ஓடி வந்தீங்க. முந்தாநாள் யாரும் வரல. தண்ணி வைக்க முன்னுக்கு முதல் பஸ்ஸு போயிருச்சு. அந்தச் சனமெல்லாம் அங்கிட்டு பேக்கரிப் பக்கம் போய்ப் பழகிட்டா, நான் கடையப் பூட்டிட்டு மில்லுல நெல்லுக் காயப்போடத்தான் போவணும்."

அந்தக் கடையின் பிழைப்பே முதல் பேருந்துக்கு முந்திய அந்த ஒரு மணி நேரம்தான். வயலுக்குப் போகிறவர்கள், பால் கொண்டுபோகிறவர்கள், நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் குடிப்பார்கள். வெயில் ஏறினால் கடைக்கு முன்னால் போட்ட மர வாங்கில் ஈதான் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் இப்போது, இருட்டில் எவனாவது தொலைபேசியோடு வருவானா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு எதற்கும் உடனே ஒரு வழி தோன்றிவிடும். பெரும்பாலும் பிழையான வழி. "அக்கா, உங்கட போனில நான் ஒரு ஆப் போட்டுத் தாறன். அஞ்சு நிமிச வேலை" என்றேன். அக்கா இடுப்பிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டினார். பொத்தான் போன். ஒரு பக்கம் இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது.

"சரி, புதுப் போன் எடுத்தால்?"

"எடுத்தா? என் கடையில எல்லாரும் குத்தியும் தாளுந்தான் தர்றாங்க. அதைப் பஸ்ஸேறிக் கொண்டுபோயி பேங்க்ல போட்டு, பேங்க்லருந்து போனுக்குப் போட்டு, போன்லருந்து மெசினுக்குப் போடணும். தண்ணி இந்தா, றோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கு தங்கச்சி. இதுக்கு எங் காசு கிளிநொச்சிக்குப் போய்ச் சுத்திட்டு வரணுமா?"

பொருளியலில் எனக்கு நல்ல பெறுபேறு. இந்தக் கேள்வி சோதனையில் வரவில்லை.

அன்று பின்னேரமே மச்சாளையும் இழுத்துக்கொண்டு சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மச்சாள் என் மாமாவின் மகள். நகரத்தில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். நான் தொடங்குகிற எதையும் முடியாது என்று சொல்லிக்கொண்டே கூட வருவாள். "வேலை கிடைக்கேல்லை எண்டதும் புரட்சியோடி?" என்று வழி முழுவதும் நக்கல்.

தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. குடியேற்றத் திட்டம் திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நல்ல மனிதர். ஆனால் குத்தி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"பிள்ளை, மெசினில அதுக்கு வசதி இல்லை. கொம்பனி விட்ட மொடல் அப்பிடி. வசதி இருந்தாலும் எனக்கு வேண்டாமடா சாமி! பழைய பெட்டிக்குள்ள என்னத்தைப் போட்டவங்கள் தெரியுமோ? ட்ராக்டர் வாசர்! குத்தி அளவில இரும்பு வளையம், அளவெடுத்த மாதிரிப் போகும். மிச்சக் குத்தியை மாப் பையில கட்டி, மோட்டார் சைக்கிளில வைச்சு பாங்குக்குக் கொண்டு போறது ஆர்? நான். கவுண்டரில இருந்த பிள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் ஏதோ கோயில் உண்டியலை உடைச்சுக் கொண்டு வந்த மாதிரி."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் கோபமாக வந்தது. நியாயமில்லாத ஆட்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு சுகம்.

"வாற ஞாயிறு கூட்டம் இருக்கு. சனம் கேட்டால் பாப்பம்" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

சனம் கேட்க வேண்டுமானால் சனத்துக்குச் சொல்ல வேண்டும். அன்றிரவே கோதுமை மாப் பசை காய்ச்சினேன். காசாகக் கட்டுகிற உரிமை உலகம் முழுவதும் பேசப்படுகிற விடயம் என்று இணையத்தில் வாசித்துவிட்டு, என் அழகான கையெழுத்தில் சுவரொட்டி எழுதினேன்: "காசு செலுத்தும் உரிமையைப் பாதுகாப்போம்!" மில் சுவரில் ஒன்று, மதகில் ஒன்று, அக்காவின் கடைத் தட்டியில் ஒன்று.

காலையில் கடை வாங்கில் ஒருவர் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். தனியார் பேருந்தில் கொண்டக்டராக ஓடுகிற அண்ணர்.

"ஆர் பிள்ளை, நீயே எழுதினது?"

"ஓம் அண்ணை."

"காசு கட்டுற உரிமை எனக்கு நிறையக் கிடக்கு. லைற் பில் கட்டுற உரிமை இருக்கு, லீசிங் கட்டுற உரிமை இருக்கு. கட்டாமல் விடுற உரிமை ஏதும் இருந்தால் அதை எடுத்துத் தா. நானே வந்து ஒட்டுறன்."

வாங்கே ஆடியது. சிரித்தவர்கள் போக, சிரிக்காதவர்கள் வேறு கதை கட்டியிருந்தார்கள். சங்கம் தண்ணீருக்குக் காசு கூட்டப்போகிறதாம், அதற்கு முன்னோட்டமாகத்தான் என்னை வைத்து ஒட்டுவிக்கிறதாம். மத்தியானம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றார். "நீ சங்கத்தில காசு சேக்கிற வேலைக்குப் போறியோ? பக்கத்து வீட்டு அன்ரி இந்த மாசக் காசைத் தந்திட்டுப் போயிருக்கிறா, இந்தா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு எல்லாமே காசு. வங்கியில் கிடப்பதும் காசு, தொலைபேசியில் பறப்பதும் காசு, கனடாவிலிருந்து வருவதும் காசு, வராமல் இருப்பதும் காசு. கையில் பிடிக்கிற காசை மட்டும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. கையில் பிடிக்க முடியாத காசு எங்கள் ஊருக்கு வந்தே இரண்டு மாதம்தானே.

அகராதி பார்த்து இரண்டாவது சுவரொட்டி எழுதினேன். "ரொக்கப் பணத்தை ஏற்றுக்கொள்!" மச்சாள் அதை ஒரு கையால் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"ரொக்கமோ? அது இந்தியப் படத்தில வில்லன் பெட்டியில கேக்கிற சாமானெல்லோ. கீழ ஆளைக் கடத்திவைச்சிருக்கிற இடத்தையும் எழுதன்."

"அப்ப நீ சொல்லு."

"கைக்காசு எண்டு போடு."

"கைக்காசு எண்டால் சொந்தக் காசைச் செலவழிக்கிறதெல்லோ. பிறகு நன்கொடை கேக்கிறம் எண்டு ஒளிச்சிடுவினம்."

அன்று குசினியில் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தோம். கடைசியில், அக்கா சொன்ன இரண்டு சொல்லையே எடுத்துப் போட்டேன்: "குத்திக்கும் தாளுக்கும் தண்ணி வேணும்!"

"ஏன், அதுகளுக்குத் தாகமோ?" என்றாள் மச்சாள். ஆனால் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவள்தான்.

இது எல்லோருக்கும் விளங்கியது. கடை வாங்கில் இரண்டு கட்சி முளைத்தது. "உலகம் எங்க போகுது, நீங்கள் குத்தியைக் கட்டிக்கொண்டு அழுங்கோ" என்று ஒரு கட்சி. "போன் சார்ஜ் இல்லாட்டித் தண்ணி குடியாமல் சாவன் எண்டுறியோ?" என்று மற்றது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று, "போன் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, இரண்டும் இருக்கட்டும்" என்று தொண்டை வறளக் கத்தினேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு விடியலும் நான் ஓடிப்போய் அக்காவுக்குத் தொலைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தேன். குத்தியை வாங்கிக்கொள்ளவும் பழகிவிட்டேன். ஒரு நாள் இரவு பெய்த மழையில் சிக்னல் படுத்துவிட்டது. அன்று இருட்டில் நாங்கள் இருவரும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றோம். அக்காவின் கையில் காசு, என் கையில் தொலைபேசி, சுவருக்குள்ளே தொட்டி நிறையத் தண்ணீர். நான் தொலைபேசியை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மதகு வரைக்கும் நடந்துபோய் வந்தேன். முதல் பேருந்து வந்து, நின்று, அடுப்பு மூட்டாத கடையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அக்கா வெறுங்கான்களைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்று ஒரு நேர்முகத் தேர்வுக்காக நகரத்துக்குப் போனேன். பேருந்தில் வேறு வேலையில்லை. பஸ் ஏறுவதற்கு முன் சந்தியில் படம் எடுத்து வைத்திருந்த இயந்திரத்தின் மொடல் இலக்கத்தை இணையத்தில் தட்டினேன். கொம்பனியின் கையேடு கிடைத்தது. முதல் பக்கத்தில் எங்கள் இயந்திரத்தின் படம். அதே நிறம், அதே குழாய், அதே கியூ.ஆர். சதுரம். அதன் கீழே, வலப்பக்கமாக, குத்தி போடுகிற வாய்.

எங்கள் இயந்திரத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடி யோசித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி இருந்தார்.

அந்த இடத்தில் உபயப் பலகை இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் எதையாவது அன்பளிப்பாகத் தந்தால், தந்தவர் பெயர் தந்த பொருளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். வாசிகசாலைக் கதிரையின் முதுகில் பெயர். பேருந்துத் தரிப்பிடத்தில் கூரையைவிட அகலமாகப் பெயர். கோயில் மின்விசிறியில் மூன்று தகட்டிலும் பெயர். போட்டால் வாசிக்க முடியாது, நிறுத்தினால் வியர்க்கும். தண்ணீர் இயந்திரத்திலும் தகப்பனாரின் படம், பிறப்பு, இறப்பு, மகனின் பெயர், கனடா என்று எல்லாம் பொறித்த ஒரு பெரிய தகடு, நாலு ஸ்குறூ போட்டு இறுக்கியிருந்தது. குத்தி போடுகிற வாயின் மேலேயே.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று இப்போது ஞாபகமில்லை. திரும்பி வந்து நேரே தலைவர் வீட்டுக்குத்தான் போனேன். படத்தைக் காட்டினேன்.

"ஓ, அந்த ஓட்டையோ?" என்றார் சாவகாசமாக. "அதுக்குள்ள குளவி பூந்து கூடு கட்டும் எண்டுதான் பலகையை அதுக்கு மேல பூட்டினனான்."

"பெரியப்பா! வசதி இல்லை எண்டு சொன்னீங்கள்!"

"மூடின பிறகு இல்லைத்தானே?"

அவர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். பிறகு மெதுவாக, "பலகையைக் கழட்டினால் அந்தக் கனடாப் பெடியன் என்ன நினைப்பான்? தகப்பன்ர படமெல்லோ. அவனுக்கு ஆர் சொல்லுறது?" என்றார். மாப் பையைவிட அவருக்குப் பெரிய பயம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு பின்னேரம் பொதுநோக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. அக்கா பின்வரிசையில், கடையை அரைவாசி பூட்டிவிட்டு வந்து, கதிரை நுனியில் இருந்தார். நான் பேச எழும்பினேன். நாணயச் சுழற்சி, வாடிக்கையாளர் தெரிவு என்று தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அக்காட கையில காசு இருக்கு, தொட்டியில தண்ணி இருக்கு, நடுவில ஒரு பலகை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

"குத்தியை ஆர் பாங்குக்குக் கொண்டு போறது?" என்றார் தலைவர், விடாமல்.

"ஏன் பாங்குக்கு?" என்று எழும்பினார் கொண்டக்டர் அண்ணர். "எனக்குத் தாங்கோ. நான் தாளாத் தாறன். மாத்தின காசு இல்லாமல் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குள்ள சண்டை. கடைக்காரர் மிச்சத்துக்கு இனிப்பு, ரொபி தருகினம், சரி. நான் ரிக்கெற்றுக்கு ரொபி குடுத்தால் அடிப்பாங்கள்."

அது சரி என்று எல்லோருக்கும் பட்டது. மிச்சம் பலகைதான். மச்சாள், யாரையும் கேட்காமல், கனடாவுக்கு வீடியோ அழைப்பை எடுத்துத் தொலைபேசியை மேசையில் சாத்தி வைத்தாள். அங்கே காலை. கம்பளித் தொப்பியோடு ஒருவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, முழு ஊரும் நிக்குது? மெசின் பழுதோ?"

"இல்லைத் தம்பி, இல்லை" என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பலகை... அது கொஞ்சம்... கழட்டேல்லை! இன்னும் கழட்டேல்லை!"

"ஏன் கழட்ட வேணும்?"

நான் பாய்ந்தேன். "அண்ணை, அதுக்குக் கீழ குத்தி போடுற வாய் இருக்கு. அது மூடிக் கிடக்கிறதால போன் இல்லாதாக்களுக்குத் தண்ணி எடுக்கேலாது. பலகையை றோட்டுப் பக்கச் சுவரில பூட்டுவம். பஸ்ஸில போறாக்களுக்கும் வடிவாத் தெரியும்."

அவர் கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப இவ்வளவு நாளும் பஸ்ஸில போறாக்களுக்குத் தெரியேல்லையோ?"

"இல்லை அண்ணை. தண்ணி எடுக்க வாறாக்களுக்கு மட்டும்தான்."

"என்ன வேலை பாத்திருக்கிறியள் நீங்கள்! நாளைக்கே மாத்துங்கோ. கொஞ்சம் உயரத்தில பூட்டுங்கோ, ஆடு உரஞ்சும்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. தலைவரும்தான். தொலைபேசியால் கட்டுவதும் இருக்கட்டும், குத்தி போடுவதும் இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. வாசர் போடுகிறவனைப் பிடித்தால் பலகையில் அவன் பெயரையும் பொறிப்பதாகத் தலைவர் அறிவித்தார்.

அடுத்த நாள் நாலு ஸ்குறூவையும் கழற்றியபோது உள்ளே உண்மையாகவே ஒரு குளவிக் கூடு இருந்தது. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெற்றி. கூட்டைத் தட்டிவிட்டு, கொம்பனிக்குப் போன் எடுத்து, அவர்கள் சொன்ன பொத்தான்களை அமத்தி, குத்தியை ஏற்கும்படி செய்து முடிக்கப் பொழுது பட்டுவிட்டது.

மறுநாள் விடியற்காலை, அந்தச் சரித்திர நிகழ்ச்சியைக் கண்ணால் பார்ப்பதற்காக வழமையைவிட வேகமாக ஓடினேன். இயந்திரத்தடியில் யாரும் இல்லை. அக்கா கடையைப் பூட்டிவிட்டாரா? பிறகு நிலத்தைப் பார்த்தேன். குழாயின் கீழே ஈரம். அதிலிருந்து இரண்டு கான் சிந்திய தண்ணீர், சொட்டுச் சொட்டாக றோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தது.

கடையில் வெளிச்சம் எரிந்தது. வாங்கில் இடமில்லை. முதல் பேருந்து இயங்கியபடி நிற்க, மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு கொண்டக்டர் அண்ணர், "அக்கா, கெதியா! சீனி போட்டது மூண்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா நிமிரக்கூட நேரமில்லாமல் தேநீரை உயர்த்தி ஆத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"ஓடி முடிச்சாச்சா தங்கச்சி? ஓரமா நில்லுங்க, பஸ்ஸுச் சனம் போகட்டும்."